யாருக்கு ஓய்வு?

'ரிசார்ட்' என்ற சொல் தமிழ்நாட்டின் வீட்டுக் கூடங்களுக்குள் முழுமையாக நுழைந்தது 2017 பிப்ரவரியில் என்று சொன்னால் பெரிய தவறாகாது. கூவத்தூரில் சட்டமன்ற உறுப்பினர்கள் நாள்கணக்கில் தங்கவைக்கப்பட்டபோது, செய்தியாளர்கள் அந்த இடத்தைச் 'சொகுசு விடுதி' என்று தமிழாக்கினர். கர்நாடகத்திலோ அந்தக் காட்சி அதற்கு முன்பே பழகிப்போன ஒன்று. கடற்காற்று உண்டு, நேரத்துக்கு உணவு உண்டு, செய்வதற்கு வேலை ஏதும் இல்லை. ஆயினும் அங்கே இருந்தவர்கள் இளைப்பாறிக்கொண்டிருந்தார்கள் என்று எவரும் நம்பவில்லை. இடம் சொகுசாக இருப்பது வேறு, அங்கிருப்பவர் ஓய்ந்திருப்பது வேறு.

சிறு குழந்தைகளோடு விடுமுறைக்கு இடம் தேடுகிறவர்கள் படிக்கும் விளம்பரங்கள் இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடுகின்றன. 'ரிலாக்ஸிங் ஃபேமிலி வெக்கேஷன்' என்ற தொடரில் ஓய்வு என்பது இடத்தின் பண்பு. அறையில் குளிர்சாதனம் பொருத்தப்பட்டிருப்பதைப் போல ஓய்வும் அங்கேயே பொருத்தப்பட்டிருக்கிறது. அதைத் தமிழில் சொல்ல முயன்றால் வாக்கியம் உடனே ஒரு கேள்வியை எழுப்பும்: யாருக்கு? பசிக்கிறது, தூக்கம் வருகிறது, களைப்பாயிருக்கிறது, ஓய்வு வேண்டும் என உடலின் நிலைகளைச் சொல்லும் வாக்கியங்கள் தமிழில் பெரும்பாலும் நான்காம் வேற்றுமையைத் தேடி நிற்பவை. குழந்தைக்குப் பசி, அவளுக்குக் களைப்பு. பள்ளி இலக்கணம் 'கு' உருபின் பொருள்களை அடுக்கும்போது கொடையை முதலில் வைக்கிறது. ஓய்வைக் கொடைக்கு எடுத்துக்காட்டாக எந்த ஆசிரியரும் கரும்பலகையில் எழுதியிருக்க மாட்டார்.

பெங்களூருவில் முனைவர் பட்ட ஆய்வேட்டை ஒப்படைத்துவிட்டு வாய்மொழித் தேர்வுக்குக் காத்திருந்த மொழியியல் மாணவி ஒருத்திக்கு இந்த உருபு வெறும் இலக்கணமாக இருக்கவில்லை. மகளுக்கு நான்கு வயது. மகனுக்குப் பதினான்கு மாதம். முனைவர் பட்ட மாணவியருக்கு ஆய்வுக்காலம் முழுமைக்கும் சேர்த்து 240 நாள் வரை மகப்பேறு, குழந்தை வளர்ப்பு விடுப்பு அளிக்கப் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகள் இடம் தருகின்றன. முதல் பேற்றுக்கு அவள் 180 நாள் எடுத்தாள். இரண்டாவது பிள்ளை பிறந்தபோது கையில் எஞ்சியிருந்தவை 60. ஆய்வேட்டின் கடைசி இரண்டு இயல்கள் பால்புட்டிக்கும் தூளிக்கும் நடுவே எழுதப்பட்டவை.

கணவன் ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியன். ஆய்வேட்டை ஒப்படைத்த அன்று மாலை அவன் சொன்னான்: "ஒரு நாலு நாள் ஏதாவது ரிசார்ட்டுக்குப் போயிட்டு வரலாம். நமக்கும் ரெஸ்ட்டா இருக்கும்."

"அந்த 'நமக்கு'ல எத்தனை பேரு இருக்கோம்?" என்று அவள் கேட்டாள்.

கேட்பவரை உள்ளடக்கும் 'நாம்', விலக்கும் 'நாங்கள்' என்ற வேறுபாட்டை முதலாண்டு மாணவர்களுக்குப் பாடம் நடத்தியவள் அவள். 'நமக்கு' என்று சொல்லிவிட்டால் கேட்பவரும் அதில் அடங்கிவிட்டார் என்று மொழி உறுதியளிக்கிறது. வீடு அப்படி உறுதியளிப்பதில்லை. (இன்றைய கன்னடத்தில் இந்த வேறுபாடு வழக்கொழிந்துவிட்டது. அங்கே ஐயத்துக்காவது இடமுண்டு.) 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வு, வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் ஊதியமின்றி அவற்றுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும் அவற்றில் ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிடுவதாகச் சொல்கிறது. இந்த 299 நிமிடங்கள் ஊர் மாறினால் தாமாகக் கழன்றுவிடுபவை அல்ல. பெட்டியில் துணிக்கும் டயப்பருக்கும் இடையே அவையும் ஏறி வந்துவிடும்.

அவர்கள் முதலில் பார்த்தது குமரகம். இரவு கன்னியாகுமரி விரைவு வண்டியில் ஏறினால் காலையில் கோட்டயம். அங்கிருந்து ஏறக்குறைய 15 கிலோமீட்டர். வேம்பநாட்டுக் காயலின் கரையில் ஓடு வேய்ந்த தனித்தனிக் குடில்கள். விலைப்பட்டியலில் காயலைப் பார்த்த அறைக்கு ஒரு தொகை, தோட்டத்தைப் பார்த்த அறைக்கு அதைவிடக் கணிசமாகக் குறைந்த தொகை. படத்தை அவள் பெரிதாக்கிப் பார்த்தாள். குடிலின் வெளிப்படியிலிருந்து பத்தடியில் தண்ணீர். இடையே வேலி இல்லை. வேலி இருந்தால் காட்சியை மறைக்கும். நீரில் மூழ்கி இறப்போரின் விகிதம் உலகளவில் ஒன்று முதல் நான்கு வயது வரையிலான குழந்தைகளிடையேதான் மிக அதிகம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நடக்கத் தொடங்கியிருக்கும் பிள்ளை தண்ணீரில் விழுந்தால் திரைப்படத்தில் வருவது போலக் கையுயர்த்திக் கூவாது. ஓசையே இருக்காது. குழந்தையில்லாத இணையருக்கு அந்தப் படிக்கட்டு மாலைத் தேநீருக்கு உகந்த இடம். பதினான்கு மாதப் பிள்ளையின் தாய்க்கு அது நான்கு நாள் காவல் பணி. காட்சிக்கென்று கூடுதல் பணம் கொடுத்து அவள் வாங்கப்போவது கூடுதல் வேலையை. படகு வீட்டின் கைப்பிடிக் கம்பிகளுக்கு இடையே இருந்த இடைவெளியைப் பார்த்த பிறகு குமரகம் பட்டியலிலிருந்து நீங்கியது.

அடுத்தது குடகு. அவனுக்கு மிகவும் பிடித்திருந்தது. காப்பித் தோட்டத்துக்குள் தங்கும் வீடு, குளிர், மிளகுக்கொடி. உணவைப் பற்றியும் அவளுக்குக் குறை ஒன்றும் இல்லை. இடியாப்பத்தின் உடன்பிறப்பான நூல்புட்டும், அரிசிக் குறுநொய் உருண்டையான கடம்புட்டும் பல் முளைக்கும் பிள்ளைகளுக்கென்றே செய்தவை போலிருக்கும். ஆனால் குடகு மாவட்டத்தில் தொடர்வண்டி நிலையம் கிடையாது. மடிக்கேரி வரை சாலையில் சுமார் 260 கிலோமீட்டர், கடைசிப் பகுதி வளைவும் ஏற்றமும். பயணக் குமட்டல் இரண்டு வயதுக்குட்பட்டவர்களை அரிதாகவே தொல்லைப்படுத்தும். இரண்டுக்கும் பன்னிரண்டுக்கும் இடைப்பட்டவர்களையே பெரிதும் பிடிக்கும். மகள் அந்த வயதினள். போதாததற்குக் கணவன் ஓர் அட்டவணையும் தயாரித்துவிட்டான்: முதல் நாள் பைலகுப்பேயின் திபெத்தியக் குடியிருப்பு, இரண்டாம் நாள் துபாரே யானை முகாம், மூன்றாம் நாள் தலக்காவேரி. சுற்றுலா என்ற சொல்லில் சுற்றும் இருக்கிறது, உலாவும் இருக்கிறது. உட்காருவதற்கு அதில் இடமில்லை. இரண்டு குழந்தைகளைக் குளிப்பாட்டி, ஊட்டி, காலணி மாட்டிக் காலை ஒன்பது மணிக்கு வண்டியில் ஏற்றுவது ஒரு நாளின் முழு உழைப்பு. யானையைப் பார்ப்பது அதற்குப் பின்பு.

இதோடு இரவில் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்ற கேள்வியும் இருந்தது. தோட்ட வீட்டின் அழகே அது ஊருக்கு வெளியே இருப்பதுதான். குழந்தை மருத்துவர் இருப்பதோ ஊருக்குள்.

கோவாவை விரைவிலேயே ஒதுக்கிவிட்டார்கள், இடத்தின் குறையால் அல்ல. நான்கு வயதுக்கு மணலைவிடச் சிறந்த விளையாட்டுப் பொருளை எவரும் இன்னும் செய்யவில்லை. கோல்வா, பெனாவ்லிம் உள்ளிட்ட தெற்குக் கோவாவின் கரைகள் பாகாவையும் கலங்குட்டையும் போல இரைச்சல் மிகுந்தவையும் அல்ல. மகன் இன்னும் மணலைத் தின்னும் வயதில் இருந்தான், அவ்வளவே. அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று விட்டுவிட்டார்கள்.

ஊர்ப் பெயர்களைக் கைவிட்ட பிறகுதான் தேடல் சரியான இடத்துக்கு வந்தது. ஒரு தாளில் அவள் தன்னைக் களைப்பூட்டுபவை எவை என்று எழுதத் தொடங்கினாள். மூன்று வேளை உணவுக்கு என்ன என்று யோசிப்பது. பால் காய்ச்சுவது, ஆற்றுவது. மாடிப்படிகளில் பிள்ளையைத் துரத்துவது. பகல் தூக்கத்தின்போது மற்றவளைச் சத்தமில்லாமல் வைத்திருப்பது. இந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு விடுதிகளைப் பார்த்தபோது, அவை விளம்பரப்படுத்தும் எதுவும் அவளுக்குத் தேவையில்லை என்பதும், அவளுக்குத் தேவையான எதையும் அவை விளம்பரப்படுத்துவதில்லை என்பதும் தெரிந்தன.

இரவு உணவை எடுத்துக்கொள்ளலாம். பல விடுதிகளில் பஃபே ஏழரை அல்லது எட்டு மணிக்குத் தொடங்கும். சிறு பிள்ளைகள் ஏழரைக்குத் தூங்கிவிடுவார்கள், அல்லது தூங்காமல் ஊரைக் கூட்டுவார்கள். ஆறு மணிக்கு ஒரு கிண்ணம் பருப்புச்சோறும் காரமில்லாத ரசமும் கிடைக்குமா என்பது நீச்சல் குளத்தின் நீளத்தைவிட முக்கியமான கேள்வி. கட்டண முறைகளின் பெயர்களும் தெரிந்திருக்க வேண்டும்: சி.பி. என்றால் காலை உணவு மட்டும், எம்.ஏ.பி. என்றால் அதோடு இன்னொரு வேளை, ஏ.பி. என்றால் மூன்று வேளையும். இந்தக் கடைசி முறைக்கு 'அமெரிக்கன் பிளான்' என்று பெயர். தோசையும் சாம்பாரும் அமெரிக்கத் திட்டத்தின்கீழ் வருவது விடுதித் தொழிலின் நகைச்சுவை. எம்.ஏ.பி.யில் சில ஆயிரம் மிச்சமாகும்; ஆனால் மதியம் ஒரு மணிக்குப் பசியில் அழும் இருவரோடு உணவகம் தேடுவது யார் என்று கேட்டால் அந்த மிச்சத்தின் விலை தெரியும். அவள் ஏ.பி. என்று முடிவுசெய்தாள்.

பிறகு தொலைபேசியை எடுத்தாள். குளத்துக்குத் தனி வேலியும் கதவும் உண்டா? தரைத்தள அறை உறுதியாகக் கிடைக்குமா? அறையில் கெட்டில் உண்டா? பெரும்பாலான விடுதிகளில் எல்லாக் கேள்விகளுக்கும் ஒரே விடை: "எல்லாம் இருக்கு மேடம், கவலையே வேண்டாம்." மைசூருவைத் தாண்டி ஹுன்சூர் சாலையில் உள்ள ஒரு நடுத்தர விடுதியில் மட்டும் வரவேற்பாளர் கன்னடத்தில், "இருங்கள் அக்கா, பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்றார். கால் மணி நேரம் கழித்து அவரே அழைத்தார். வேலி இருக்கிறது, கதவின் கொக்கி பெரியவர்களின் இடுப்பு உயரத்தில் இருக்கிறது, ஆனால் கொக்கி தளர்ந்திருக்கிறது, நீங்கள் வருவதற்குள் மாற்றச் சொல்கிறேன் என்றார். குறையைச் சொன்ன இடத்தை அவள் தேர்ந்தெடுத்தாள். அந்த விடுதியில் காட்சி என்று சொல்ல எதுவுமில்லை. சன்னலைத் திறந்தால் தென்னந்தோப்பும், படுக்கை விரிப்புகள் உலரும் கொடியும்.

அதே விடுதியில் மணிக்கணக்கில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் கிடைக்கும் என்றார்கள். யார் என்று விசாரித்தபோது, அறைகளைத் துப்புரவு செய்யும் பெண்களில் ஒருவர் தம் வேலை நேரம் முடிந்த பிறகு வருவார் என்று தெரிந்தது. அப்படி வருகிறவருக்கு அந்தப் பணம் தேவைப்படலாம். வேண்டாம் என்பதுதான் சரி என்று எளிதில் சொல்லிவிட முடியாது. என்றாலும் அவள் வேண்டாம் என்றாள்.

மிச்சமிருந்தது பாட்டி. இரண்டாம் பேற்றுக்குத் திருநெல்வேலியிலிருந்து வந்த அவளுடைய அம்மா பதினான்கு மாதமாக ஊர் திரும்பவில்லை. அவரும் வந்தால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார் என்பது வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத, ஆனால் எல்லோரும் எண்ணியிருந்த ஏற்பாடு. மகளின் ஓய்வுக்கு அம்மாவின் நான்காம் வேற்றுமை விலை.

"நீயும் வாம்மா. உனக்கும் ஒரு மாறுதலா இருக்கும்."

"நான் வரலைம்மா. நீங்க நாலு பேரும் போயிட்டு வாங்க. ஆளில்லாத வீடு நாலு நாளைக்குக் கிடைச்சா எனக்கு அதான் ரிசார்ட்டு."

"தனியா எப்படி அத்தை இருப்பீங்க?" என்றான் மருமகன்.

"ரெண்டு இட்லி ஊத்தித் தின்னுட்டு டிவியப் போட்டுட்டுப் படுத்துக் கெடப்பேன், மாப்பிள்ளை. அதுக்கு ஒரு துணை வேணுமா?"

அவரும் இத்தனை காலம் மனத்துக்குள் ஒரு விடுதியைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தார் என்பது அன்றுதான் தெரிந்தது.

பாட்டி வரவில்லை என்றானதும் கணவனும் மனைவியும் உட்கார்ந்து நாளைப் பங்கிட்டார்கள். விடியற்காலையிலிருந்து பத்து மணி வரை பிள்ளைகள் அவன் பொறுப்பு, பகல் உணவிலிருந்து நான்கு வரையும் அவன் பொறுப்பு, மற்றவை அவளுடையவை. அவள் முறைக்கு வெளியே அவளை எதற்கும் அழைக்கக் கூடாது. துண்டு எங்கே, ஜட்டி எங்கே என்ற கேள்விகள் உட்பட. அட்டவணை போடுவதில் அவனுக்கிருந்த ஆர்வம் இங்கே பயன்பட்டது. விடுதி செய்ய முடியாத காரியம் இது. நல்ல விடுதி இதற்கு இடைஞ்சல் செய்யாமல் இருக்கலாம், அவ்வளவே.

பொங்கல் கூட்டம் வடிந்த பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை கிளம்பினார்கள். பெரிய பள்ளிக்குப் போகாத பிள்ளைகளை உடையவர்களுக்கு இருக்கும் ஒரே வசதி வாரநாள்; வாடகையும் குறைவு, குளத்திலும் இடமிருக்கும். மைசூரு வரை தொடர்வண்டி. ஐந்து வயதுக்குக் கீழே தனி இருக்கை கேட்காவிட்டால் கட்டணமில்லை என்பதைவிட, நடைபாதையில் நடக்கவிடலாம் என்பது பெரிய ஆதாயம். மகள் நான்கு பெட்டிகளைக் கடந்து போய் முறுக்குக்காரரோடு கன்னடம் பேசிவிட்டு வந்தாள்.

முதல் நாள் பகலில் அவளுக்குத் தூக்கம் வரவில்லை. சுவருக்கு அப்பால் மகன் அழுதபோது கால் தானாகத் தரையில் ஊன்றியது. அழுகை நிற்கும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் நாள் இரண்டு மணிக்குப் படுத்தவள் விழித்தபோது ஐந்தேகால். ஒருவரும் அழைத்திருக்கவில்லை. இளைப்பாறு என்ற சொல்லின் இரண்டாம் பாதி, புண் ஆறுவதிலும் பால் ஆறுவதிலும் இருக்கும் அதே 'ஆறு'. அது மெல்ல நிகழ்வது, அவசரப்படுத்த முடியாதது. வெளியே வந்தபோது சமையலறையின் பின்புறம், பாத்திரம் கழுவும் குழாயடியில் மூவரும் நனைந்து நின்றார்கள். குளத்துப் பக்கம் யாரும் போயிருக்கவில்லை.

அன்றிரவு மகள் பாட்டியிடம் தொலைபேசியில் பேசினாள். தென்னையையோ குளத்தையோ சொல்லவில்லை. "பாட்டி, இங்க ஒரு குழாய் இருக்கு. திறந்தா அப்பா மேல தண்ணி அடிக்குது."

"அப்படியா கண்ணு. நல்லா விளையாடு," என்றார் பாட்டி. பின்னணியில் தொலைக்காட்சித் தொடரின் இசை உரக்கக் கேட்டது. "அம்மாகிட்ட சொல்லு, வெள்ளிக்கிழமையே வந்துரணும்னு ஒண்ணுமில்ல. ஞாயித்துக்கிழமை மெதுவா வாங்க."