கம்பாரில் ஓர் அறை தேடி

கோலாலம்பூர் சென்ட்ரலில் இருந்து இ.டி.எஸ். ரயிலில் கம்பார் போய்ச் சேர ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். தாப்பா ரோடு நிலையம் கடந்ததும் வலப்பக்கம் புஜாங் மலாக்கா மலை எழுந்து நிற்கிறது. ஊரைச் சுற்றிலும் செம்பனைக்கும் வீடமைப்புப் பகுதிகளுக்கும் நடுவே நீர்நிலைகள் மின்னுகின்றன. புதிதாக வருகிறவர்கள் அவற்றை ஏரி என்பார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு அவை ஈயக் குட்டைகள். மண்ணைத் தோண்டி ஈயம் எடுத்த பள்ளங்களில் தேங்கிய தண்ணீர் அது.

கிந்தா பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் உலகுக்கே ஈயம் தந்த இடம். 1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றம் கடனை அடைக்க முடியாமல் கைவிரித்தது. விலை சரிந்தது, லம்பங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன, பிழைப்பு தேடி இளைஞர்கள் வெளியேறினார்கள். 2007இல் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகம் இங்கே தன் வளாகத்தைத் திறந்த பிறகே ஊருக்கு மறுபடி உயிர் வந்தது. பழைய லம்ப நிலத்தில், குட்டைகளையும் சேர்த்து, 1,300 ஏக்கரில் பரந்து கிடக்கிறது அந்த வளாகம்.

மாணவர்களில் பெரும்பாலோர் வளாகத்துக்கு வெளியேதான் தங்குகிறார்கள். அதனால் ஊரில் எந்தத் தெருவில் நடந்தாலும் வேலிக் கம்பியில் ‘அறை வாடகைக்கு’ என்ற அட்டை தொங்குகிறது. அன்று மண்ணுக்குள் ஈயம் தேடிய ஊர், இன்று வாடகையில் பிழைக்கிறது.

என் அண்ணன் மகளுக்கு அங்கே இடம் கிடைத்திருந்தது. அண்ணன் கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறார். விடுப்பு கிடைக்காததால் அறை தேடும் வேலை எனக்கு வந்தது. கையில் இரண்டு நாள். தண்ணீர், மின்சாரம் எல்லாம் சேர்த்து மாதம் 300 ரிங்கிட்டைத் தாண்டக் கூடாது என்று அண்ணன் சொல்லி அனுப்பியிருந்தார்.

தூரமும் வாடகையும்

கம்பாரில் வாடகைக் கணக்கு எளிமையானது. வளாகத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு விலை. வாசலுக்கு எதிரே வெஸ்ட்லேக் பகுதியில் இரட்டை மாடி வீடுகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு வீட்டையும் ஐந்து, ஆறு அறைகளாகத் தடுத்திருக்கிறார்கள். வரவேற்பறைகூட அட்டைச் சுவர் வைத்து அறையாகிவிடுகிறது. குளிர்சாதனம் உள்ள பெரிய அறைக்கு எங்களிடம் 550 ரிங்கிட் கேட்டார்கள். சன்னலே இல்லாத சின்ன அறைக்கு 330.

அடுத்தது புதுப் பட்டணம். கடைகளும் துணி துவைக்கும் நிலையங்களும் இரவு உணவுக் கடைகளும் நிறைந்த பகுதி. வாடகை கொஞ்சம் இறங்குகிறது. ஆனால் வெயிலில் நடந்து வகுப்புக்குப் போகும் தூரம் அல்ல, மோட்டார் சைக்கிளோ நண்பரின் காரோ வேண்டும். அதற்கும் அப்பால், ஜாலான் இட்ரிஸ் சாலையின் பழைய கடைவீடுகள் உள்ள பழைய பட்டணம். மேல்மாடி அறை 220 ரிங்கிட்டுக்குக்கூட கிடைக்கிறது. சட்டி சோறும் மீன் உருண்டை மீயும் கீழேயே கிடைக்கும். அங்கே தங்கினால் மிச்சமாகும் பணம் பெட்ரோலுக்கே போய்விடும் என்று கணக்குப் போட்டாள் அண்ணன் மகள்.

பல்கலைக்கழகத்தில் ஆண்டுக்கு மூன்று தவணைகள். ஒவ்வொரு தவணை முடிவிலும் ஒரு கூட்டம் காலி செய்கிறது, இன்னொரு கூட்டம் வருகிறது. அந்த ஓரிரு வாரங்களில் தேடுகிறவருக்குத்தான் தேர்வு செய்ய வாய்ப்பு. வகுப்பு தொடங்கிய பிறகு வந்தால் மிஞ்சியதுதான்.

அந்த ஒரு கேள்வி

முதல் நாள் காலையில் பசியாறிவிட்டு, வேலிகளில் இருந்து எழுதி வந்த எண்களுக்கு அவள் அழைக்கத் தொடங்கினாள். பதினொரு அழைப்புகள். அவற்றில் ஏழு பேர் பெயரையோ படிப்பையோ கேட்கும் முன் கேட்ட கேள்வி ஒன்றுதான்: சீனரா, இந்தியரா? பதில் சொன்னதும் சிலர் அறை ஏற்கெனவே போய்விட்டது என்றார்கள். ஓர் அம்மாள் மட்டும் மென்மையாகப் பேசினார். தமக்கு ஆட்சேபம் இல்லையாம், மற்ற அறைகளில் இருக்கும் பிள்ளைகள்தான் ஒத்துக்கொள்ள மாட்டார்களாம்.

எட்டாவது அழைப்பில் இருந்து அவள் வழியை மாற்றிக்கொண்டாள். வணக்கம் சொன்ன கையோடு, “நான் இந்தியப் பெண், பரவாயில்லையா?” என்று அவளே கேட்டுவிட்டாள். நான் அவளைப் பார்த்தேன். “நேரம் மிச்சம் சித்தப்பா” என்றாள். பதினெட்டு வயதுப் பெண் ஒரே காலையில் கற்றுக்கொண்ட பாடம் அது.

இது கம்பாருக்கு மட்டும் உரியது அல்ல. வீடு வாடகைக்குத் தேடிய நம்மவர் பலருக்கும் பழகிப்போன கேள்விதான். சமையல் வாசனை என்பார்கள், முன்பு ஒருவர் வாடகை கட்டாமல் ஓடிவிட்டார் என்பார்கள். யாரோ ஒருவர் வைத்த பாக்கியை, அவரைப் பார்த்தே இராத ஒரு மாணவி அடைக்க வேண்டியிருக்கிறது.

கூட்டரசு அரசமைப்பின் 8ஆம் பிரிவு சமத்துவத்தைச் சொல்கிறது. ஆனால் அது கட்டுப்படுத்துவது அரசாங்கத்தையே, தனிப்பட்ட வீட்டு உரிமையாளரை அல்ல. குடியிருப்பு வாடகைக்கென்று தனிச் சட்டம் கொண்டுவருவது பற்றி வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சு பல ஆண்டுகளாகப் பேசி வருகிறது. அறை தேடுகிற பிள்ளைக்கோ இன்று இரவு தங்க இடம் வேண்டும்.

கைமாறும் வீடு

மாலையில் புதுப் பட்டணத்து ஒட்டுக்கடை ஒன்றில் ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பக்கத்து மேசையில் நான்கு மாணவிகள் தமிழில் பேசிக்கொண்டிருந்தார்கள். விசாரித்தோம். “எங்க வீட்டுல ஒரு அக்கா இந்த மாசக் கடைசியில காலி பண்றாங்க அங்கிள், வந்து பாருங்க” என்றாள் ஒருத்தி.

அது பழைய ஒற்றை மாடி வரிசை வீடு. உரிமையாளர் ஈப்போவில் இருக்கும் ஓய்வுபெற்ற சீன ஆசிரியை. அறை அறையாகத் தேடி அலுத்துப்போன சில இந்திய மாணவிகள் ஏழு ஆண்டுகளுக்கு முன் முழு வீட்டையும் அவரிடம் வாடகைக்குக் கேட்டார்கள். அவரும் கொடுத்தார். அன்று முதல் வீடு கைமாறிக்கொண்டே இருக்கிறது. மாத வாடகை 1,100 ரிங்கிட், ஐந்து பேருக்குத் தலைக்கு 220. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுபவர் ஒருவர். காலி செய்பவர் தனக்குப் பதில் ஓர் ஆளைக் கொண்டுவர வேண்டும், புதியவர் தரும் முன்பணத்தைப் பெற்றுக்கொண்டு போக வேண்டும்.

குளிர்பதனப் பெட்டியின் மேல் கையால் எழுதிய விதிகள் ஒட்டியிருந்தன. ஐந்தாம் தேதிக்குள் வாடகை. சமைத்தவர் அடுப்பைத் துடைக்க வேண்டும். இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மூத்த மாணவியிடம், இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று கேட்டேன். “ஒரு மாசம் தவறினா என்னை மட்டும் சொல்ல மாட்டாங்க அங்கிள், நம்ம எல்லாரையும் சொல்லுவாங்க. அடுத்து வர்ற பிள்ளைக்கு வீடு இருக்காது” என்றாள்.

பெருமையாகத்தான் இருந்தது. கூடவே கனமாகவும் இருந்தது. வாடகை கட்டுவது யாருக்கும் கடமை. ஓர் இனத்தின் பெயரையும் சேர்த்துக் காப்பாற்றுவது இந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் கூடுதலாக விழும் வாடகை.

தேடப் போகிறவர்களுக்கு

அந்த மூத்த மாணவி சொன்ன சில செய்திகள் பெற்றோருக்குப் பயன்படும். அறையை நேரில் பார்க்காமல் யாருடைய கணக்கிலும் முன்பணம் போட வேண்டாம். பகலில் ஒரு முறை, இரவில் ஒரு முறை போய்ப் பாருங்கள். தெருவிளக்கு எரிகிறதா, மேல்மாடிக்குத் தண்ணீர் ஏறுகிறதா என்பது அப்போதுதான் தெரியும். மின்கட்டணத்தை எப்படிப் பிரிக்கிறார்கள், குளிர்சாதனத்துக்குத் தனி மீட்டர் உண்டா என்று கேளுங்கள்.

முழு வீடு எடுத்தால் பொதுவாக இரண்டு மாத வைப்புத்தொகை, அரை மாதம் தண்ணீர், மின்சார வைப்பு, முதல் மாத வாடகை என்று கேட்பார்கள். ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்டிவிடுங்கள். முத்திரையில்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. குடியேறும் அன்றே சுவரையும் கதவையும் படம் எடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவிட்டால், காலி செய்யும்போது வாக்குவாதம் வராது.

அண்ணன் மகள் இப்போது அந்த வீட்டின் பின்பக்கச் சின்ன அறையில் இருக்கிறாள். எல்லாம் சேர்த்து மாதம் 270 ரிங்கிட்டுக்குள் முடிகிறது. போன வாரம் பேசியபோது, அடுத்த தவணைக்கு யாராவது தமிழ்ப் பிள்ளைக்கு அறை வேண்டுமென்றால் இப்போதே சொல்லச் சொன்னாள். வீட்டில் ஓர் இடம் காலியாகப் போகிறதாம்.