வைஃபை விட்டு விட்டு வருதா? கடைக்குக் கொண்டுபோக முதல் வாசியுங்கள்



பதிவு கொஞ்சம் நீளம். வீட்டில் லெப்டொப்பில் படிக்கிற பிள்ளை இருந்தால் பொறுமையாகக் கடைசி வரை வாசியுங்கள். உங்கள் காசு மிஞ்சலாம்.

"வைஃபை நிக்குதில்ல டீச்சர். வருது, போகுது." இந்த வருடம் நான் அதிகம் கேட்ட முறைப்பாடு இதுதான். நான் கணினிப் பாடம் எடுப்பவள் அல்ல, விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். விதை முளைக்கும் பரிசோதனை செய்யும்போது பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வோம்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும். வைஃபைக்கும் முதலில் தேவைப்படுவது அந்த ஒழுங்குதான்.

ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ராத்தாவிடம் அனுமதி கேட்டுத்தான் எழுதுகிறேன், பெயர் வேண்டாம்.

கணவர் மௌத்தான பிறகு தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தவர். சீட்டுக் காசில் மூத்த மகளுக்குப் பாவித்த லெப்டொப் ஒன்று வாங்கிக் கொடுத்தார். மகள் வெளிவாரிப் பட்டப்படிப்பு படிக்கிறாள். கிழமைக்கு மூன்று நாள் இரவு ஏழு மணிக்கு சூமில் வகுப்பு. கொழும்புக்கு பஸ்ஸில் போய்வந்து படிக்க அந்த வீட்டில் வசதி இல்லை. வைஃபை இருந்தால்தான் அவளுக்கு வகுப்பு.

அந்த வைஃபை அறுந்து அறுந்து வந்தது. பிரசன்டேஷன் செய்யும்போது நடுவில் இரண்டு தடவை வெளியே தள்ளப்பட்டாள். கடையில் காட்டியிருக்கிறார்கள். வைஃபை கார்ட் பழுது, மதர்போர்டையும் பார்க்க வேண்டும், பதினெட்டாயிரம் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள்.

ராத்தா என்னிடம் வந்தது லெப்டொப் விஷயமாக அல்ல. "புள்ளைக்கு நீங்களே எடுத்துச் சொல்லுங்க டீச்சர், இந்தப் படிப்பு போதும் எண்டு. ஒரு இடத்தால கலியாணமும் பேசி வந்திருக்கு."

கலியாணம் நல்ல விஷயம். ஆனால் வைஃபை அறுந்ததற்காக ஒரு பிள்ளையின் படிப்பு நிற்கக் கூடாது. "ராத்தா, அத பிறகு பேசுவோம். முதல்ல லெப்டொப்ப எனக்குக் காட்டுங்க" என்றேன்.

வகுப்பு இல்லாத ஒரு நாள் அஸருக்குப் பிறகு போனேன். பார்த்தது மூன்றே மூன்று விஷயம்.

முதலாவது: லெப்டொப்பில் அறும் நேரத்தில் அதே அறையில், அதே வைஃபையில் இருக்கும் ஃபோனிலும் அறுகிறதா? இல்லை. தம்பியின் ஃபோனில் வீடியோ நிற்காமல் ஓடியது. அப்படியென்றால் ரௌட்டரிலும் வெளி லைனிலும் சந்தேகம் குறைகிறது.

இரண்டாவது: வீட்டு வைஃபையை விட்டுவிட்டு லெப்டொப்பை ஃபோன் ஹொட்ஸ்பொட்டில் இணைத்தோம். பத்து நிமிடத்தில் அதிலும் அறுந்தது. வேறு இணைப்பிலும் அதே குறை என்றால், குறை லெப்டொப்பில்தான்.

மூன்றாவது: எப்போது அறுகிறது? "மகள், வகுப்பு நேரம் எங்க இருந்து படிக்கிறீங்க?" என்று கேட்டேன். மேசையில் தம்பி படிப்பதால், சார்ஜரைக் கழற்றிக்கொண்டு கட்டிலில் போய் இருப்பாளாம். சார்ஜரைக் குத்தி அரை மணி நேரம் பார்த்தோம், ஒரு தடவையும் அறவில்லை. கழற்றினோம், கொஞ்ச நேரத்தில் அறுந்தது. திரும்பக் குத்தினோம், நின்றது.

கார்ட் பழுது என்றால் சார்ஜர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அறத்தானே வேண்டும்? விண்டோஸ், சார்ஜரில் ஓடும்போது ஒரு விதமாகவும் பேட்டரியில் ஓடும்போது வேறு விதமாகவும் மின்சாரத்தைச் செலவழிக்கிறது. பேட்டரியை மிச்சம் பிடிக்க வைஃபை கார்டின் மின்சாரத்தையும் குறைக்கும். சில லெப்டொப்களில் அதனால் இணைப்பே விழுந்துவிடும்.

மாற்றிய இடங்கள் இரண்டு. ஒன்று, டிவைஸ் மெனேஜரில் நெட்வேர்க் அடப்டர்ஸ் என்பதைத் திறந்து, வைஃபை கார்டின் ப்ரொப்பர்ட்டீஸ், அதில் பவர் மெனேஜ்மென்ட். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க இந்தச் சாதனத்தை நிறுத்தலாம் என்று கணினிக்கு அனுமதி கொடுக்கும் பெட்டியில் சரி அடையாளம் இருக்கும். அதை எடுத்துவிட வேண்டும். மற்றது, பவர் ஒப்ஷன்ஸின் அட்வான்ஸ்ட் பகுதியில் வயர்லெஸ் அடப்டர் செட்டிங்ஸ். பேட்டரிக்கும் மெக்ஸிமம் பெர்ஃபோமன்ஸ் என்று வைக்க வேண்டும். எல்லா லெப்டொப்பிலும் இந்த இரண்டும் தெரியாது. தெரியாவிட்டால், வகுப்பு நேரத்தில் சார்ஜரைக் குத்தி வைத்தாலே பெரும்பாலும் போதும்.

செலவு பூச்சியம். அடுத்த வகுப்பு முழுவதும் ஒரு தடவையும் அறவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

எல்லா வீட்டிலும் காரணம் இதுதான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மற்ற வீடுகளில் கண்டது வேறு.

ஒரு வீட்டில் எல்லா ஃபோனிலும் லெப்டொப்பிலும் அறையில் அறும், ஹோலில் நன்றாக இருக்கும். ரௌட்டர் டீவிக்குப் பின்னால், ஷோகேஸுக்குள் பூட்டி இருந்தது. இடையில் இரண்டு கொங்கிரீட் சுவரும் ஒரு இரும்பு அலுமாரியும். வைஃபைக்கு கொங்கிரீட்டும் இரும்பும் பெரிய தடை. ரௌட்டரை வெளியே எடுத்து, வீட்டின் நடுவில், ஆள் உயரத்தில் வைத்தோம். அவ்வளவுதான்.

சில ரௌட்டர்களில் இரண்டு வைஃபை பெயர் தெரியும், ஒன்றின் கடைசியில் 5ஜி என்று இருக்கும். அது ஃபோன் கம்பனிகளின் 5ஜி அல்ல, 5 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசை. அது வேகம் கூட, ஆனால் சுவர் தாண்டினால் சீக்கிரம் பலவீனமாகும். 2.4 கிகாஹேர்ட்ஸ் வேகம் குறைவு, தூரம் போகும். ஆனால் பக்கத்து வீட்டு ரௌட்டர்களும் புளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில்தான். கறி சூடாக்கும் நேரம் வகுப்பு அறுகிறது என்றால் சிரிக்க வேண்டாம், அது உண்மையாக நடப்பதுதான். ரௌட்டருக்குக் கிட்ட இருந்து படிப்பவர் 5இல் இணையுங்கள், தூர அறையில் இருப்பவர் 2.4இல் இணையுங்கள்.

இன்னொரு வீட்டில் இரவு எட்டுக்கும் பத்துக்கும் இடையில் மட்டும் பிரச்சினை. அங்கே லெப்டொப்பில் கொமாண்ட் ப்ரொம்ப்ட் என்ற கறுப்புத் திரையை இரண்டு தடவை திறந்தோம். பிங் என்ற நான்கு ஆங்கில எழுத்தைத் தட்டி, இடைவெளி விட்டு, ஒன்றில் ரௌட்டரின் இலக்கம், மற்றதில் 8.8.8.8. ரௌட்டரின் இலக்கம் அதன் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும், பல ரௌட்டர்களில் 192.168.1.1. கடைசியில் ஒரு இடைவெளி விட்டு, கழித்தல் குறியும் சிறிய ஆங்கில டீயும் சேர்த்தால் நாம் நிறுத்தும் வரை ஓடிக்கொண்டே இருக்கும்.

முதல் திரையில் பதில் ஒழுங்காக வருகிறது, இரண்டாவதில் டைம்ட் அவுட் என்று விழுகிறது என்றால் லெப்டொப்பும் வீட்டு வைஃபையும் சரி, குறை ரௌட்டருக்கு வெளியே. முதல் திரையிலேயே விழுந்தால் குறை வீட்டுக்குள். அந்த வீட்டில் குறை வெளியேதான். சிம் போடும் ரௌட்டர் என்பதால், ஊரே ஃபோன் பார்க்கும் நேரத்தில் டவரில் நெரிசல். ரௌட்டரை டவர் இருக்கும் பக்கத்து ஜன்னலுக்கு மாற்றியதில் கொஞ்சம் கூடியது. மூன்று நாள் நேரம் குறித்து வைத்து, அந்தக் குறிப்போடு கம்பனிக்கு அழைத்தார்கள். "நெட் சரியில்ல" என்று மட்டும் சொன்னால், ரௌட்டரை ஓஃப் பண்ணி ஓன் பண்ணுங்கள் என்பதோடு முடிந்துவிடும். நேரக் குறிப்பு இருந்ததால் முறைப்பாட்டைப் பதிந்துகொண்டார்கள்.

டேட்டா அளவு முடிந்துவிட்டதா என்றும் பாருங்கள். சில பெக்கேஜ்களில் பகலுக்கும் இரவுக்கும் தனித்தனி அளவு. முடிந்ததும் வேகம் படுத்துவிடும், ஆட்கள் லெப்டொப்பைத் திட்டுவார்கள்.

இத்தனையும் பார்த்த பிறகும் லெப்டொப்பில்தான் குறை என்றால் கடைக்குக் கொண்டுபோங்கள். கார்ட் உண்மையாகவே பழுதாவதும் உண்டு. அப்போதும், முதலில் ட்ரைவரைப் புதுப்பித்துப் பார்க்கச் சொல்லுங்கள். "சார்ஜரில் அறாது, பேட்டரியில் அறும்", "ஹொட்ஸ்பொட்டிலும் அறும்" என்று கண்டதைச் சொல்லிக் கொடுங்கள். நேர்மையான திருத்துநருக்கு அது பாதி வேலை. மற்றவர்களுக்கு, உங்களை ஏமாற்ற முடியாது என்று விளங்கும்.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்ட நேரம் நெட் இல்லாத பிள்ளைகள் பட்ட பாட்டை எல்லோரும் கண்டோம். இப்போது பல வீடுகளில் நெட்டும் இருக்கிறது, லெப்டொப்பும் இருக்கிறது. ஆனால் ஒரு சின்னக் குறையைப் பார்த்துச் சொல்ல ஆள் இல்லை. ஆம்பிளைப் பிள்ளை என்றால் கூட்டாளி வீட்டுக்குப் போயாவது வகுப்பைப் பார்த்துவிடுவான். பொம்பிளைப் பிள்ளைக்கு இரவு ஏழு மணிக்கு அந்த வழியும் இல்லை. அவள் படிப்பைத்தான் முதலில் நிப்பாட்டுகிறோம், வைஃபை மேல் பழியைப் போட்டு.

ஊரில் இதெல்லாம் தெரிந்த தம்பிமார், தங்கச்சிமார் எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். உங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில் இப்படிப் பிரச்சினை என்று கேள்விப்பட்டால், வீட்டாரிடம் கேட்டுக்கொண்டு அரை மணி நேரம் போய்ப் பாருங்கள். அதுவும் ஒரு சதகாதான்.

அல்லாஹ் எங்கள் எல்லோருடைய பிள்ளைகளின் கல்வியிலும் பரகத் செய்வானாக. ஆமீன்.