விருதும் விருந்தும்

'விருது' என்னும் சொல்லின் நடுவே ஒரு 'ந்' சேர்ந்தால் 'விருந்து' ஆகிவிடும். விருதுநகருக்குப் போகும் பிரயாணி அந்த ஓர் எழுத்தைத்தான் தேட வேண்டியிருக்கிறது. தங்குவதற்கு அங்கே லாட்ஜுகள் உண்டு; பசித்தவனுக்கு எண்ணெயில் பொரித்த பரோட்டா உண்டு; சாத்தூர்ச் சேவும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. ஆனால், பழைய வீடு ஒன்றில் இராத் தங்கி, காலையில் அந்த வீட்டு அடுப்பில் வெந்த பலகாரத்தை உண்ண விரும்புகிறவன் பெரும்பாலும் அடுத்த ஜில்லாவுக்குத்தான் போகிறான்.

இத்தனைக்கும், வந்தவர்க்கு இடம் கொடுப்பதில் பெயர் பெற்ற சீமை இது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை முதலிய ஊர்களில் நாடார் வணிகர்கள் பேட்டைகள் அமைத்தார்கள். சுற்றுமதிலும் கிணறும் சரக்கு வைக்கும் இடமும் கொண்ட அந்தப் பேட்டைகளில், கள்வர் பயம் மிகுந்த அக்காலத்தில், வண்டிக்காரர்கள் நிம்மதியாகக் கண்ணயர்ந்தார்கள். வியாபாரத்தில் எடுத்து வைத்த மகமைப் பணமே அதற்கு ஆதாரம். பின்னர் இப்படிப்பட்ட பொதுக் கொடையாலேயே பள்ளிக்கூடங்களும் எழுந்தன. பிடி அரிசி சேர்த்து நடத்திய க்ஷத்திரிய வித்தியாசாலையில்தான், 1903-ல் பிறந்த காமராஜர் படித்தார். அவர் வாழ்ந்த சிறு வீடு இன்று அரசாங்கத்தின் நினைவு இல்லம். உள்ளே சென்று வணங்கிவிட்டு வருகிறோம். அது அப்படித்தான் இருக்கவேண்டும். ஆனால் பழைய வீடுகள் எல்லாமே நினைவு இல்லமாக முடியுமா?

வேறொரு வழியைச் செட்டிநாடு காட்டுகிறது. விருதுநகரிலிருந்து மானாமதுரை வழியாகக் காரைக்குடிக்கு ரயில் போகிறது. அங்கிருந்து சிறிது தூரத்தில் கானாடுகாத்தான். இந்தத் தெருவில் வாசல், அடுத்த தெருவில் கொல்லை என்று நீண்டு கிடக்கும் வீடுகள் அவை. முகப்பைத் தாண்டினால் வளவு. நடுவே வானம் பார்த்த முற்றம். சுற்றிலும், மணமான ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அறை. பர்மாத் தேக்குத் தூண்கள், சுண்ணாம்பில் முட்டை வெண்கரு சேர்த்து இழைத்த சுவர்கள், கண்ணாடிப் பலகையின்மேல் வார்த்தெடுத்த ஆத்தங்குடிக் கற்கள் ஆகியவை கோடையிலும் குளிர்ச்சி தருகின்றன.

இவ்வளவு செல்வமும் கடல் கடந்த வாணிபத்தில் வந்தது. 1942-ல் ஜப்பானியர் பர்மாவில் புகுந்ததோடு அதன் அஸ்திவாரம் ஆட்டங்கண்டது. வாரிசுகள் பெருகினார்கள், திசைக்கொருவராகப் பிரிந்தார்கள். கல்யாணத்துக்கும் படைப்புக்கும் மட்டுமே பல கதவுகள் திறந்தன. சில வீடுகள் இடிந்தன. அவற்றின் தூண்களும் நிலைகளும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் விலைக்கு நின்றன.

அந்தச் சமயத்தில்தான் சிலர் கதவைத் திறந்தார்கள். காரைக்குடியில் 'பங்களா' 1999-ல் விருந்தினர் விடுதியாயிற்று. தந்தை ஒருவர் தம் மகளுக்காக 1930-களில் கட்டிய 'விசாலம்', கானாடுகாத்தானில் இன்று வழிப்போக்கரை வரவேற்கிறது. இப்படிப்பட்ட வீடுகளில் விடியற்காலையில் வெள்ளைப் பணியாரமும் மிளகாய்த் துவையலும் இலையில் விழும்போது, சமையல்காரர், பெருக்குகிறவர், கல் வார்க்கும் ஆத்தங்குடித் தொழிலாளி ஆகிய எல்லோருக்கும் அதில் பங்கு இருக்கிறது.

"விருந்துக்கு விலையா? வள்ளுவர் ஓர் அதிகாரமே பாடிய நாட்டில் இது அடுக்குமா?" என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஓடு மாற்றவும் காசு வேண்டும் அல்லவா? பேட்டையும் மகமை இல்லாமல் நடக்கவில்லை. விருந்தினர் தரும் பணம் கூரைக்குப் போகும் வரையில் அதில் இழிவு ஏதுமில்லை. வீட்டை நாடக மேடையாக்கிப் பொய் வேஷம் கட்டினால்தான் இழிவு.

விருதுநகரில் தெப்பக்குளத்தை அடுத்த தெருக்களிலும், சிவகாசியிலும், அருப்புக்கோட்டையிலும் திண்ணை வைத்த பழைய வீடுகளுக்கு உடையவர்கள் இதைச் சற்று யோசிக்கவேண்டும். காலண்டருக்கும் பட்டாசுக்கும் ஆர்டர் கொடுக்க வரும் வியாபாரிகள் எத்தனையோ பேர்! அவர்களில் பத்துப் பேரேனும் ஓர் இரவு அந்த வீடுகளில் தங்கமாட்டார்களா? மனிதர் படுத்து எழாத வீட்டில் கரையான் குடியேறுகிறது. கடைக்குப் போய்விட்ட தூண் வீடு திரும்புவதில்லை.