கண்ணாடிக் கிண்ணத்தில் குமிழி

வத்திராயிருப்பிலிருந்து தாணிப்பாறைக்குப் போகிற வழியில் மகாராஜபுரம். அமாவாசை, பௌர்ணமிக்குச் சதுரகிரி மலையேறும் கூட்டத்தின் வண்டிகள் இதன் வழியாகத்தான் நகரும். நகரும் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். சித்திரை அமாவாசை வெயிலில் ஊர்ந்து, நின்று, மறுபடி ஊர்ந்து, கடைசியில் கிளம்பவே மறுத்த வண்டியொன்று புளியமரத்தடித் தகரக் கொட்டகைக்குள் வாயைப் பிளந்து கிடந்தது. ராஜபாளையத்துக்காரர் ஒருவரின் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். அதற்கு பானெட் மட்டும் தனியாகத் திறக்காது. மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து முன்பக்கம் கவிழும். முன்டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். மெக்கானிக் அண்ணாச்சி அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்.

1961-இல் சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி போட ஆரம்பித்த கார் இது. இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்ட். இதன் சேசிஸை வைத்துத்தான் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். இரண்டுக்கும் உருவம் கொடுத்தவர் மிக்கெலாட்டி என்ற இத்தாலியர். குடும்பம் ஒன்று என்பதால் வியாதியும் ஒன்று.

"ஓடும்போது ஒண்ணும் பண்ணாது தம்பி. நிறுத்திட்டு டீக் குடிச்சிட்டு வந்தீங்கன்னா அப்பத்தான் வேலையக் காட்டும்."

எனக்கு இது தலைகீழாகப் பட்டது. நிறுத்தினால் ஆறத்தானே வேண்டும்? அண்ணாச்சி விளக்கினார். ஓடும்போது ஃபேன் காற்றடிக்கும், தண்ணீர் சுற்றும், டேங்கிலிருந்து புதுப் பெட்ரோல் வந்துகொண்டே இருக்கும். சாவியைத் திருப்பியதும் மூன்றும் நின்றுவிடும். இரும்பு மட்டும் சூட்டை விடாது. பக்கத்தில் இருப்பதற்கெல்லாம் ஏற்றிவிடும். இந்த எஞ்சினில் கார்பரேட்டரும் சைலன்சருக்குப் புகை போகும் மேனிஃபோல்டும் ஒரே பக்கம். அடுப்பு மேலே சட்டி.

பெட்ரோலுக்குத் தண்ணீரைப் போல ஒரே கொதிநிலை கிடையாது. அதில் இலேசான பங்கு நாற்பது டிகிரிக்குப் பக்கத்திலேயே ஆவியாகத் தொடங்கும். போதாததற்கு, எஞ்சினில் இருக்கும் ஏசி பம்பு பின்னாலிருக்கும் டேங்கிலிருந்து உறிஞ்சி இழுக்கிறது. உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறைவு. அழுத்தம் குறைந்தால் இன்னும் சீக்கிரம் கொதிக்கும். உள்ளே ஆவி நிறைந்துவிட்டால் பம்பின் டயாபிரம் அதை அமுக்கி அமுக்கி விடுமே தவிர, பெட்ரோல் ஏறாது. பட்டறையில் இதற்குப் பெயர் ஏர் லாக்.

ஆனால் கிளம்பாத வண்டியெல்லாம் ஏர் லாக் இல்லையாம். கார்பரேட்டரின் ஃப்ளோட் சேம்பரிலேயே பெட்ரோல் கொதித்து எஞ்சினுக்குள் வழிந்திருந்தாலும் கிளம்பாது. ஒன்று பட்டினி, இன்னொன்று அஜீரணம். அண்ணாச்சி மூக்கால்தான் பிரிக்கிறார். பெட்ரோல் வாடை தூக்கலாக இருந்தால் ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்தபடி ஸ்டார்ட் செய்யச் சொல்வார். வாடை இல்லையென்றால் பம்பைப் பார்ப்பார்.

பம்பின் தலையில் கண்ணாடிக் கிண்ணம். ஆறியிருந்த எஞ்சினை ஓடவிட்டு நிறுத்தினார். குனிந்து பார்த்தேன். முதலில் ஒன்றுமில்லை. ஏழெட்டு நிமிடம் கழித்து, கடுகளவு குமிழி ஒன்று அடியிலிருந்து கிளம்பி மேலே ஒட்டிக்கொண்டது. பிறகு நாலைந்து. பிறகு சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி.

பம்பு மேல் ஈரத்துணி போடுவது நம் ஊர் டிரைவர்களின் கைவைத்தியம். அமெரிக்காவில் பெட்ரோல் குழாயில் துணி மாட்டும் மரக்கிளிப்புகளை வரிசையாகக் கவ்வ விடுவார்கள் என்றேன். அண்ணாச்சி சிரிக்கவில்லை. "ஈரத்துணி வீடு போய்ச் சேரத்தான். சூடு எந்த வழியா வருதுன்னு பார்க்கணும்" என்றார்.

அந்த வழியை அவர் கையாலேயே தேடினார். பம்பு ஒரு பக்கம், கார்பரேட்டர் மறுபக்கம்; நடுவில் பெட்ரோல் குழாய் எஞ்சினின் முகப்பைச் சுற்றி, கொதிநீர் வெளியேறும் தெர்மோஸ்டாட் மூடியை உரசிக்கொண்டு போகிறது. முதல் குற்றவாளி அதுதான். குழாயை வளைத்து இரண்டு விரல் தள்ளி வைத்தார், கண்ணாடிநார் உறை மாட்டினார். கார்பரேட்டருக்கு அடியில் ஒரு பேக்கலைட் கட்டை. அதற்கேற்ப நீளமான ஸ்டட். அலுமினியத் தகட்டை வெட்டி மேனிஃபோல்டுக்கும் கார்பரேட்டருக்கும் இடையில் மறைப்பாக நிறுத்தினார், இருபுறமும் காற்றுக்கு இடைவெளி விட்டு. பழைய ரப்பர் ஹோஸைக் கிள்ளிக் காட்டினார்: ஊறிப்போன அப்பளம். இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். அறுபதுகளின் ரப்பருக்கு அது ஒத்துக்கொள்ளாது.

ரேடியேட்டரிலும் சுண்ணாம்பு. வருடக்கணக்காகப் போர்வெல் தண்ணீரை ஊற்றியிருக்கிறார்கள்.

டேங்க் பக்கத்தில் எலெக்ட்ரிக் பம்பு வைத்தால் உறிஞ்சுவதற்குப் பதில் தள்ளும், பாதிப் பிரச்சினை தீரும். விபத்து நடந்தால் அதைத் தானாக நிறுத்தும் சுவிட்சும் சேர்த்து வைக்க வேண்டும். வண்டிக்காரர் ஒப்பவில்லை, ஒரிஜினல் கெடக்கூடாதாம். எனக்கு அந்தப் பிடிவாதம் புரியவில்லை. அண்ணாச்சிக்குப் புரிந்தது.

சாயங்காலம் அரைமணி நேரம் ஓட்டிவிட்டுக் கொண்டுவந்து நிறுத்தினார். எதிர்க்கடையில் டீ. திரும்பி வந்து சாவியைத் திருப்பியதும் ஒரே இழுப்பில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. நான் கைதட்டப் போனேன். அவர் கிண்ணத்துக்குப் பக்கத்தில் டார்ச்சைப் பிடித்திருந்தார். ஓரத்தில், கடுகில் பாதி அளவுக்கு, ஒரே ஒரு குமிழி.

"டேய், பத்தாம் நம்பர் ஸ்பேனர எடு" என்றார் பையனிடம்.