ஹம்பியில் குவிமாடம் இல்லாத ஒரு பள்ளிவாசல்

திருவண்ணாமலை என்றதும் எல்லோருக்கும் கார்த்திகைத் தீபம் ஏற்றும் மலையே நினைவுக்கு வரும். நாங்கள் வாழ்வது அந்த ஊரில் அன்று. ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த, அதே பெயர் கொண்ட சிற்றூரில். எங்கள் வட்டாரத்திற்கும் துங்கபத்திரை ஆற்றங்கரையில் பாழடைந்து கிடக்கும் விஜயநகரத்திற்கும் பழைய உறவு உண்டு. அந்நகரிலிருந்து ஆண்ட கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் இயற்றிய 'ஆமுக்தமால்யதா' என்னும் காவியம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளைப் பற்றியது. இராஜபாளையத்துத் தெருக்களில் இன்றும் நாம் கேட்கும் தெலுங்கு, பெரும்பாலும் விஜயநகர, நாயக்கர் ஆட்சிக் காலங்களில் தெற்கே வந்த குடும்பங்களின் மொழி. இராவுத்தர் என்ற பெயரைத் தாங்கும் நமக்கோ அந்த உறவு குதிரையின் வழியாகவும் வருகிறது. அரபு, பாரசீகக் குதிரைகளுக்காகப் பெரும் பொருளைச் செலவிட்ட அரசு அது.

பூமியில் பயணம் செய்து, முன் வாழ்ந்தோரின் முடிவு எவ்வாறு ஆயிற்று என்று பார்க்கும்படி குர்ஆன் பல இடங்களில் நம்மை அழைக்கிறது. அரையாண்டு விடுமுறையில் பிள்ளைகளுடன் ஹம்பிக்குச் செல்லத் தீர்மானித்தபோது அந்த எண்ணமே எங்கள் மனத்தில் இருந்தது. பெங்களூரு வழியாக இரவு இரயிலில் ஹொசப்பேட்டை. அங்கிருந்து 13 கிலோமீட்டர் ஆட்டோவில்.

அரண்மனை வளாகத்தில் அரண்மனை இல்லை. கல் அடித்தளங்கள் மட்டும் வரிசை வரிசையாகக் கிடக்கின்றன. மேலே இருந்த மரக் கட்டுமானங்கள் தீக்கிரையாகிவிட்டன. மஹாநவமி மேடையின் பக்கங்களில் குதிரைகளும் யானைகளும் வேடர்களும் அயல்நாட்டவரும் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். சிறிது தொலைவில் பதினொரு அறைகள் கொண்ட யானைக் கொட்டில் நிற்கிறது. அதன் அறைகளுக்கு மேல் இருப்பவை குவிமாடங்கள்! தாமரை மஹாலின் வளைவுகளையும் பார்த்தபின் எங்கள் மூத்த மகன், "இது கோயில் ஊர்னு சொன்னீங்களே, இங்கே பள்ளிவாசல் மாதிரி இருக்கே?" என்று வியந்தான்.

அவனுக்குப் பதில் சொல்லுமுன், எங்களுடன் வந்த வழிகாட்டி முந்திக்கொண்டார். தமிழ்நாட்டுப் பயணிகளிடம் பழகித் தமிழ் கற்றவர், நல்ல மனிதர்தாம். "அதெல்லாம் அழகுக்குக் கட்டினது சார். அப்புறம் முஸ்லிம்கள் வந்து எல்லாத்தையும் இடிச்சுட்டாங்க" என்றார். அவர் எங்களைப் புண்படுத்த எண்ணவில்லை. நாள்தோறும் சொல்லும் பாடத்தைச் சொன்னார். ஆயினும் இளைய மகள் எங்கள் கையைப் பற்றிக்கொண்டு கேட்டாள்: "அத்தா, நம்மளா இடிச்சோம்?"

'இல்லை' என்ற ஒற்றைச் சொல்லில் கடந்துவிட எங்களுக்கு மனம் ஒப்பவில்லை. 1565 ஜனவரியில் தலைக்கோட்டைப் போர் என்று பெயர்பெற்ற போரில் பீஜப்பூர், அகமதுநகர், கோல்கொண்டா, பீதர் ஆகிய நான்கு சுல்தான்களின் படைகள் விஜயநகரத்தை வென்றன. முதியவரான இராமராயரின் தலை போர்க்களத்திலேயே கொய்யப்பட்டது. அவருடைய தம்பி திருமலை, கருவூலத்துடன் பெனுகொண்டாவுக்குச் சென்றார். காவலற்ற தலைநகரம் மாதக்கணக்கில் சூறையாடப்பட்டது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அங்கு வந்த வெனிஸ் வணிகர் சீசர் பிரெடெரிசி, வீடுகள் நிற்கின்றன, ஆனால் மனிதர்கள் இல்லை, புலிகள் உலவுவதாகச் சொல்கிறார்கள் என்று எழுதினார். இதை நாம் மறைக்கவும் கூடாது. வெற்றி என்று மார்தட்டவும் கூடாது. ஒரு நகரத்து மக்களின் வீடுகளைக் கொள்ளையிட்டதை எந்தப் பெயரில் செய்தாலும் அது அநீதியே.

ஆனால் இந்தப் போரை இரு மதங்களின் போர் என்று சொல்ல வரலாறு இடம் தரவில்லை. கோல்கொண்டாவின் இப்ராஹிம் குதுப் ஷா, தம் அண்ணனுக்கு அஞ்சி ஏழு ஆண்டுகள் அடைக்கலம் புகுந்திருந்தது இதே விஜயநகரத்தில். அடைக்கலம் கொடுத்தவர் இதே இராமராயர். பீஜப்பூரின் அலி ஆதில் ஷா இங்கு விருந்தினராக வந்து, இராமராயரின் மனைவியால் மகன்போல் ஏற்கப்பட்டவர். இருவரும் சேர்ந்து அகமதுநகரின் மீது படையெடுத்ததும் உண்டு. ஒருவரை ஒருவர் மோதவிட்டு ஆதாயம் தேடிய இராமராயரின் அரசியல்தான் பகைவர்களை ஓரணியில் திரட்டியது என்பதே எங்கள் கருத்து. அவருடைய படையிலும் முஸ்லிம் தளபதிகள் இருந்தார்கள். சுல்தான்களின் படைகளில் மராட்டியர் இருந்தார்கள்.

இன்னும் முந்தைய காலத்துக்குச் சென்றால் செய்தி இன்னும் வளமானது. இரண்டாம் தேவராயர் முஸ்லிம் வீரர்களைத் தம் படையில் சேர்த்து நிலம் அளித்தார். அரசருக்குச் செலுத்தும் வணக்கம் தங்கள் மார்க்கத்திற்கு முரணாகிவிடுமோ என்று அவர்கள் தயங்காதிருக்க, அரியணைக்கு முன் ஒரு பீடத்தில் குர்ஆனை வைக்கச் செய்தார். இதை எழுதியவர் பெரிஷ்தா. வென்ற பீஜப்பூர் அரசவையைச் சேர்ந்த வரலாற்றாசிரியர். அதே அரசரின் காலத்தில், 1443-இல், ஹெராத்திலிருந்து தூதராக வந்த அப்துர் ரஸ்ஸாக், இந்நகர மக்கள் ரோஜாப்பூவை உணவைப்போல் இன்றியமையாததாகக் கருதினர் என்று குறித்திருக்கிறார். அரசவையினர் அணிந்த உயர்ந்த தொப்பிக்குக் குல்லாயி என்று பெயர். நம் வீட்டுக் குல்லாவும் அதே பாரசீகச் சொல்லின் வழி வந்ததுதான்.

இவற்றையெல்லாம் எட்டு வயதுப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? சொல்வதைவிடக் காட்டுவது எளிது என்று, வழிகாட்டியின் பட்டியலில் இல்லாத ஓரிடத்திற்கு ஆட்டோவைத் திருப்பச் சொன்னோம். தளாரிகட்டா வாயிலுக்குச் செல்லும் சாலையருகே அது இருக்கிறது. தேவராயரின் அலுவலரான அஹ்மத் கான் 1439-இல் கட்டிய பள்ளிவாசல். அருகில் ஒரு கிணறும் கல்லறையும். கல்லறைக்குக் குவிமாடமும் வளைவுகளும் உண்டு. பள்ளிவாசலுக்கோ குவிமாடம் இல்லை. கல்தூண்கள் தாங்கும் தட்டையான கூரையுடன், பார்ப்பதற்கு நம் ஊர்க் கோயில் மண்டபம் போலவே நிற்கிறது. அதன் கன்னடக் கல்வெட்டு அதைத் தர்மசாலை என்றே அழைக்கிறது. அரசருக்குப் புண்ணியம் சேரக் கட்டியதாகவும் கூறுகிறது. அரசர் குவிமாடம் வைத்து யானைக்கு வீடு கட்ட, முஸ்லிம் அலுவலர் மண்டபம் போலப் பள்ளிவாசல் எழுப்பியிருக்கிறார். மகன் தூண்களை எண்ணத் தொடங்கினான். வழிகாட்டியும் இறங்கி வந்து, பல ஆண்டுகளாக இந்த வழியே போகிறேன், உள்ளே வந்ததில்லை என்றார்.

தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடமாதலால், வெளியே மரநிழலில் விரிப்பை விரித்து லுஹரைக் கஸ்ராக இரண்டு ரக்அத் தொழுதோம். மகள் தன் கேள்வியை மறக்கவில்லை. "இடிச்சவங்கள்லயும் நம்ம பேர் வச்சவங்க இருந்தாங்க. இங்க குடியிருந்து வீட்டை இழந்தவங்கள்லயும் இருந்தாங்கம்மா" என்றோம். 1520-ஐ ஒட்டி இங்கு வந்த போர்த்துகீசியர் டொமிங்கோ பாயஸ், நகரின் கோடியில் இருந்த முஸ்லிம் குடியிருப்பைக் கண்டு எழுதியிருக்கிறார். அவர்களுள் பலர் இந்த மண்ணிலேயே பிறந்தவர்கள். அரசரின் மெய்க்காவல் படையில் ஊதியம் பெற்றவர்கள். நகரம் வீழ்ந்தபோது அந்தத் தெருவும் பாழானது.

பள்ளிவாசலைச் சுற்றி அக்காலத்துக் கப்ருகள் சில புற்களுக்கிடையே தெரிகின்றன. பெயர் அறியாத அந்த மனிதர்களுக்கு ஸலாம் சொல்லி, துஆ செய்துவிட்டு, வெயில் தாழ்வதற்குள் கமலாபுரம் திரும்பினோம்.