வலியறிதல்

திருக்குறளில் வலியறிதல் என்னும் அதிகாரத்தை அணைக்கட்டு வட்டாரத்துச் சிறுவர்க்குப் பல்லாண்டு கற்பித்தவன் நான். அரசன் போருக்கு எழுமுன் தன் வலியையும் மாற்றான் வலியையும் ஆராய்தல் வேண்டும் என உரை கூறுங்கால், "ஐயா, இக்காலத்தில் அரசரும் இல்லை, போர்க்களமும் நமக்கு இல்லை, இப்பாடம் எங்களுக்கு எதற்கு?" என்று மாணவர் வினவுவதுண்டு. அவர்கட்கு நம் பக்கத்துத் தொழிலாளரைச் சுட்டிக்காட்டுவேன். தோற்கட்டுகளை ஏற்றி இறக்குவோர், கட்டைத் தோளில் வைக்குமுன் கையால் சற்றே அசைத்துப் பார்ப்பர். அவ்வசைப்பிலேயே அதன் கனமும் தம் ஆற்றலும் அவர்க்குத் தெரிந்துவிடும். இன்று அவ்வினாவை எவரேனும் எழுப்பின், நம் மாவட்டத்து வீரர் ஒருவரின் வரலாற்றையும் சேர்த்துக் கூறுவேன்.

அவர் பெயர் சதீஷ் சிவலிங்கம். வேலூர் நகரைச் சார்ந்த சத்துவாச்சாரியைச் சேர்ந்தவர். 1992ஆம் ஆண்டு பிறந்தவர். தந்தையார் படையில் பணியாற்றியவர். பளுதூக்கும் கலையும் பயின்றவர். அவர் வழியே மைந்தரும் அக்கலையில் புகுந்தார்.

பளுதூக்கும் போட்டியில் இரு பகுதிகள் உண்டு. இரும்புக் கம்பியைத் தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்குமேல் உயர்த்துவது 'ஸ்நாட்ச்'. முதலில் தோளளவு ஏற்றிப் பின்னர்த் தலைக்குமேல் உயர்த்துவது 'கிளீன் அண்டு ஜெர்க்'. ஒவ்வொன்றிலும் மும்முறை முயலலாம். இரண்டிலும் தூக்கிய மிகுந்த எடைகளைக் கூட்டி வெற்றியை முடிவு செய்வர்.

2014ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து நாட்டுக் கிளாஸ்கோ நகரில் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி நடைபெற்றது. 77 கிலோ எடைப் பிரிவில் சதீஷ் முதலில் 149 கிலோவும் பின்னர் 179 கிலோவும் தூக்கினார். மொத்தம் 328 கிலோ. பொற்பதக்கம் அவர்க்குரியதாயிற்று. 317 கிலோ தூக்கிய மற்றோர் இந்தியரான கட்டுலு ரவிக்குமார் வெள்ளிப் பதக்கம் பெற்றார். அடுத்த ஆண்டு அர்ச்சுனா விருது சதீஷை நாடி வந்தது. 2016இல் பிரேசில் நாட்டு ரியோ டி ஜெனிரோ ஒலிம்பிக்கில் 329 கிலோ தூக்கினார். கிளாஸ்கோவில் தூக்கியதைவிட ஒரு கிலோ மிகுதி. ஆயினும் அங்கே கிட்டியது பதினோராம் இடமே.

அதன்பின் ஒரு தேசியப் போட்டியில் 194 கிலோவை உயர்த்த முயன்றபோது அவருடைய தொடைத் தசை புண்பட்டது. பளுதூக்குவார்க்குத் தொடையே தூண். தூண் தளர்ந்தால் மாடம் நிற்குமோ? 2018ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய நாட்டுக் கோல்டுகோஸ்ட் நகரில் காமன்வெல்த் மேடை ஏறியபோது, பதக்கம் கிட்டும் என்று தாமே எதிர்பார்க்கவில்லை எனப் பின்னர் அவர் கூறினார்.

அன்று ஸ்நாட்ச் பகுதியில் அவர் தூக்கியது 144 கிலோ. இங்கிலாந்து வீரர் ஜாக் ஆலிவர் 145 கிலோ தூக்கி ஒரு கிலோ முந்தினார். அடுத்த பகுதியில் ஆலிவர் 167 கிலோவை உயர்த்தியபின் 171 கிலோவுக்கு இருமுறை முயன்றார், இருமுறையும் கைகூடவில்லை. சதீஷ் தம் இரண்டாம் முயற்சியில் 173 கிலோவை உயர்த்தினார். மொத்தம் 317 கிலோ, ஆலிவர்க்கோ 312. பொற்பதக்கம் மீண்டும் வேலூருக்கு வந்தது. மூன்றாம் முயற்சி எஞ்சியிருந்தும், சதீஷ் அதனை மேற்கொள்ளாது விடுத்தார்.

மாணவர்களே, இவ்வெண்களைச் சிறிது எண்ணிப் பாருங்கள். 329 கிலோவுக்குப் பதக்கம் இல்லை. முன்னொருகால் வெள்ளி தந்த 317 கிலோ, பின்னொருகால் பொன்னைத் தந்தது. ஆகவே எடையின் அளவு ஒன்றே வெற்றியை ஈவதில்லை. காலமும் மாற்றார் நிலையும் கூடவே நிற்கின்றன.

வலி என்னும் சொல் ஆற்றலையும் குறிக்கும், நோவையும் குறிக்கும். கிளாஸ்கோ மேடையில் சதீஷ் அறிந்திருந்தது முதற்பொருள். கோல்டுகோஸ்ட் மேடையில் இருபொருளையும் ஒருங்கே அறிந்திருந்தார். புண்பட்ட தொடை தாங்கும் எல்லையைக் கண்டு, வெற்றிக்கு வேண்டிய அளவு தூக்கி, கைதட்டலுக்காக ஒரு கிலோவும் மிகுக்காமல் கம்பியை விட்டு விலகினார். முதற்பதக்கத்தினும் இரண்டாம் பதக்கத்தையே நான் பெரிதாக மதிப்பது இதனால்தான். படிப்பிலும் தொழிலிலும் நீங்கள் தூக்கவேண்டிய சுமைகள் பல உள. அவற்றைத் தூக்கத் துணியுங்கள். துணியுமுன் அசைத்துப் பாருங்கள்.