வெயிலுக்கு ஒரு மான்யம்

எங்கள் ஸ்ரீவைகுண்டம் தாலுகாவில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் வெயிலுக்குப் பஞ்சம் வந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. கிழக்கே தூத்துக்குடிக் கரையில் அந்த வெயிலைக் கொண்டுதான் உப்பு விளைவிக்கிறார்கள். முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் சிப்பிகளை அழுகவிட்டு முத்தெடுப்பதற்கும் அதே வெயில்தான் துணை செய்தது. ஆனால், மொட்டை மாடியில் வீணாக விழுகிற வெயிலுக்குச் சர்க்கார் பணம் கொடுக்கும் என்று என் தகப்பனாரிடம் யாராவது சொல்லியிருந்தால், அவர் சொன்னவனுடைய தலையில் நல்லெண்ணெய் தேய்த்துத் தாமிரபரணியில் முழுக்காட்டியிருப்பார்.

எங்கள் ஊர் ஆதிச்சநல்லூர். பெயரைக் கேட்டதும் தாழிகள் நேயர்களின் ஞாபகத்துக்கு வரும். 1876-ஆம் வருஷம் ஜாகோர் என்ற ஜெர்மானியர் இங்கே தோண்டி எடுத்தவற்றை பெர்லினுக்குக் கொண்டுபோனார். பின்னர் 1899 முதல் சில வருஷங்கள் அலெக்ஸாண்டர் ரீ என்ற ஆங்கிலேயர் தோண்டி, பொன் நெற்றிப்பட்டங்களும் வெண்கலப் பாத்திரங்களும் இரும்பாயுதங்களும் எடுத்தார். 2023-இல் பறம்பிலேயே அருங்காட்சியகமும் அமைந்தது. ஆயிரக் கணக்கான வருஷங்களுக்கு முன் செத்தவர்களுக்காகப் பிரசித்தி பெற்ற ஊரில், பதினோரு வருஷங்களுக்கு முன் காலமான என் தகப்பனாரை முன்னிட்டு நான் பட்ட பாட்டைத்தான் இங்கே சொல்லப் புகுந்தேன். பொறுமையாகக் கேட்க வேண்டும்.

கதை வெள்ளத்தில் தொடங்குகிறது. 2023-ஆம் வருஷம் டிசம்பர் 17, 18 தேதிகளை எங்கள் ஜில்லாக்காரர் எவரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ், நூற்றுக்கணக்கான பிரயாணிகளுடன் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனிலேயே நின்றுவிட்டது. எங்கள் தெருவில் மின்சாரம் போனது போனதுதான்; நான்கு இரவுகள் வரவில்லை.

என் தாயாருக்கு வயது எழுபத்தெட்டு. நெடுநாளாக ஆஸ்த்மா உபத்திரவம் உண்டு. மூச்சு முட்டும்போது நெபுலைசர் என்னும் சிறு யந்திரத்தால் மருந்தை ஆவியாக்கிச் செலுத்த வேண்டும். மருந்து கையில் இருந்தது, யந்திரமும் இருந்தது, மின்சாரம் மட்டும் இல்லை. இரண்டாம் நாள் இரவு, சிம்னி விளக்கின் வெளிச்சத்தில், தாயார் தூணில் சாய்ந்து உட்கார்ந்து ஒவ்வொரு மூச்சாக இழுத்துக்கொண்டிருந்ததை நானும் என் மனைவியும் பார்த்துக்கொண்டே விடிய வைத்தோம். மூன்றாம் நாள் ஒரு டிராக்டரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிழைத்துக்கொண்டார். அந்த ராத்திரியில் நான் செய்துகொண்ட சங்கற்பம், இனி இந்த வீடு கம்பத்தை நம்பியிருக்கக் கூடாது என்பதுதான்.

இரண்டு மாதம் கழித்து, 2024 பிப்ரவரி 13-ஆம் தேதி, பிரதமர் ஒரு திட்டத்தைத் தொடங்கிவைத்தார். ‘பி.எம். சூரிய கர் முஃப்த் பிஜ்லி யோஜனா’ என்பது அதன் பெயர். எங்கள் தெருவில் அதை முழுதாக உச்சரிக்கக்கூடியவர் ஒருவருமில்லை. ‘வெயில் கரண்டு’ என்றே வழங்கினோம். ஒரு கோடி வீடுகளின் கூரையில் சூரிய மின்பலகை வைப்பது நோக்கம். ஒதுக்கிய தொகை 75,021 கோடி ரூபாய். 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மான்யம் என்று வகுத்தார்கள்.

தமிழ்நாட்டுக்கு இது முற்றிலும் புதிய சங்கதி அல்ல. எரிசக்தி மேம்பாட்டு முகமை 1985-லேயே இங்கு ஏற்பட்டது. 2011-இல் மாகாண சர்க்கார் ஏழைகளுக்காகப் பசுமை வீடுகள் கட்டத் தொடங்கி, ஒவ்வொன்றிலும் சூரிய விளக்குகள் வைத்தது. 2012-இல் வெளியான சூரிய மின்கொள்கை, 2015-க்குள் 3,000 மெகாவாட் என்று இலக்கு வைத்தது. பின்னர், மத்திய சர்க்காரின் மான்யத்துக்கு மேல் வீடொன்றுக்கு 20,000 ரூபாய் மாகாண சர்க்காரும் கொடுக்க முன்வந்தது. 2019-இல் வந்த கொள்கை இலக்கை 9,000 மெகாவாட் ஆக்கிற்று. அப்படியிருந்தும் வீட்டுக் கூரை விஷயத்தில் குஜராத் நம்மை வெகுதூரம் முந்திவிட்டது.

காரணம் என்ன? நான் கணக்கு வாத்தியார் ஆகையால் என் வீட்டுக் கணக்கையே போட்டுப் பார்த்தேன். இரண்டு மாதத்துக்குச் சுமார் 480 யூனிட் செலவு. 2016 முதல் முதல் நூறு யூனிட் இலவசம். அடுத்தடுத்த படிகளும் தொடக்கத்தில் மலிவு. ஆகவே எனக்கு வந்த பில் 1,700 ரூபாய்க்குச் சற்று மேல். வருஷத்துக்குப் பதினாயிரம் என்று வைத்துக்கொள்ளலாம். நன்றாக வெயிலடிக்கும் நம் பக்கத்தில் 1 கிலோவாட் பலகை நாளொன்றுக்குச் சராசரி 4 யூனிட் தரும். எனக்கு 2 கிலோவாட் போதும். என்னிடம் கேட்ட விலை 1,35,000. மான்யம் போக என் கைக்காசு 75,000. போட்ட முதல் திரும்ப ஏழெட்டு வருஷம் ஆகும். பலகையோ இருபத்தைந்து வருஷம் உழைக்கும் என்கிறார்கள். நஷ்டமில்லை, ஆனால் தலைதெறிக்க ஓடிப்போய் வாங்கும்படியான லாபமும் இல்லை. மலிவான மின்சாரம் ஒரு நன்மை. அந்த நன்மையே இன்னொரு நன்மைக்கு முட்டுக்கட்டை ஆகிறது. அதிக யூனிட் செலவழித்து மேல்படிக்குப் போகிற பெரிய வீடுகளுக்குத்தான் லாபம் சீக்கிரம் தெரியும்.

விலை சொன்ன ஏஜெண்ட் இளைஞர். பேச்சில் மகா சமர்த்தர்.

“சார், 5 கிலோவாட்டாப் போட்டுருங்க. மான்யம் முழுசாக் கிடைக்கும்” என்றார்.

“தம்பி, 3 கிலோவாட்டுக்கும் 78,000, 5 கிலோவாட்டுக்கும் அதே 78,000. மிச்ச 2 கிலோவாட்டு யார் தலையில்?” என்றேன்.

அவர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, “நீங்க கணக்கு வாத்தியாரா சார்?” என்று கேட்டார்.

ஆனால் வேறொரு விஷயத்தில் நான் ஏமாந்துதான் போனேன். “ஊருக்கே கரண்டு போனாலும் உங்க வீட்டுல மட்டும் லைட்டு எரியும் சார்” என்று அவர் சொன்னதும், அந்த வெள்ள இரவு என் கண்முன் வந்து நின்றது. வேறெதையும் கேட்கத் தோன்றவில்லை. விண்ணப்பம் செய்யச் சம்மதித்தேன்.

அங்கேதான் என் தகப்பனார் குறுக்கே வந்தார். எங்கள் வீட்டு மின் இணைப்பு இன்னமும் அவர் பெயரில் இருந்தது. விண்ணப்பத்திலும் மின் இணைப்பிலும் வங்கிக் கணக்கிலும் பெயர் ஒன்றாக இருந்தால்தான் காரியம் சிக்கலின்றி நடக்கும். அலுவலகத்தில் இருந்த அம்மாள் பொறுமைசாலி. “எல்லா வீட்டுலயும் இதே கததான் சார். ஆளு போயிருவாக; பேரு மாத்த மாட்டாக. இறந்தவுக பேருக்குப் பணம் போட முடியாதுல்லா?” என்றார். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, உடன் பிறந்தவர்களின் சம்மதக் கடிதம் எல்லாம் வேண்டும் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். குற்றம் எங்களுடையது. பதினோரு வருஷம் பில் கட்டியவன் ஒரு நாள் பெயரை மாற்றியிருக்கலாம்.

பம்பாயில் இருக்கிற தம்பியின் கையெழுத்தும் பாளையங்கோட்டைத் தங்கையின் கையெழுத்தும் வந்துவிட்டன. வராதது என் தாயாரின் சம்மதம். சுவரில் ஆணியில் தொங்கும் வெள்ளை மின் அட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அவர் சொன்னார்:

“ஏய்யா, உங்க அப்பாதான் இந்த வீட்டுக்கு வெளிச்சம் கொண்டாந்தாக. கம்பம் போட ஆறு மாசம் நடந்தாக. இப்ப ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ அவுக பேரு இந்த வீட்டுக்கு வருது. அதையும் அடிச்சுப்புட்டா, பொறவு அவுக வர்றதுக்கு வேற வழி எங்க இருக்கு?”

என் தாயார் அந்தக் காலத்து மனுஷி. தம் வாழ்நாளில் ஒரு தரம்கூடப் புருஷன் பெயரை வாயால் சொன்னதில்லை. மீட்டர் கணக்கெடுக்க வருகிறவர் அட்டையைப் பார்த்து அந்தப் பெயரை உரக்க வாசிக்கும்போது, அவர் கதவோரம் நின்று கேட்பதை நான் சிறுபிள்ளைத்தனம் என்று எண்ணியிருந்தேன். சுற்றிலும் தாழிகள் புதைந்த மண்ணில் வாழ்கிறவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். செத்தவருக்குப் பொன்னும் சோறும் வைத்தவர்களும், ஓர் அட்டையை ஆணியில் மாட்டி வைத்தவரும், செய்த காரியம் ஒன்றுதான்.

மூன்று வாரம் நான் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. வழி சொன்னவள் என் மனைவி. “உங்க பேருக்கு எதுக்கு மாத்தணும்? அத்த பேருக்கு மாத்துங்க. அப்படின்னா மாமா பேரும் கூடவே வருமே” என்றாள். எனக்கு இது தோன்றாமல் போனதற்காக வெட்கப்பட்டேன். ‘இன்னாருடைய மனைவி இன்னார்’ என்றுதானே பத்திரத்தில் எழுதுகிறோம்! தாயாரும் இதை மறுக்கவில்லை. அவர் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு இருந்தது. ஆனால் அதில் நூறு ரூபாய்க்கு மேல் இருந்த நாள் அபூர்வம்.

பெயர் மாறியது; விண்ணப்பம் ஏறியது. அப்போது அடுத்த சங்கடம். மான்யம் என்பது முன்பணம் அல்ல. முழுப் பணத்தையும் நாம் செலவழித்து, பலகை பொருத்தி, இருவழி மீட்டர் வைத்து, பரிசோதனை முடிந்த பிறகுதான் அது கணக்கில் வரவாகும். கையில் பணமில்லாதவனுக்கு வங்கிக் கடன் உண்டு. எனக்கோ மகளின் படிப்புக் கடன் ஏற்கெனவே இருந்தது. மனைவி தன் இரட்டை வடச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தாள். அதைக் கூட்டுறவு வங்கியில் ஈடு வைத்தேன்.

பலகைகள் வந்து இறங்கின. ஒரு விஷயம் எனக்கு மனத்துக்கு இதமாயிருந்தது. இந்த மான்யம் இந்தியாவில் செய்த பலகைக்கு மட்டுமே உண்டு. அந்நியச் சரக்குக்குக் கிடையாது. திருநெல்வேலிக்கு வடக்கே கங்கைகொண்டானிலேயே இப்போது சூரிய மின்பலகைத் தொழிற்சாலை நடக்கிறது. 1906-இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய வ. உ. சிதம்பரம் பிள்ளை பிறந்த ஜில்லாவில் இந்த நிபந்தனையை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பரிசோதனைக்கு வந்த இன்ஜினீயர் பேச்சுவாக்கில் ஓர் உண்மையைச் சொன்னார். “கம்பத்துல கரண்டு நின்னா இதுவும் நின்னுரும் சார்.” நான் திகைத்துப்போனேன். அவர் பொறுமையாக விளக்கினார். ஊர்க் கம்பியில் மின்சாரம் இல்லையென்று எண்ணி ஊழியர் கம்பத்தில் ஏறியிருப்பார். அந்தச் சமயத்தில் என் கூரையிலிருந்து மின்சாரம் கம்பிக்குள் பாய்ந்தால் அவருடைய உயிர் போகும். ஆகவே கம்பி இறந்தால் கருவியும் தானே அடங்கிவிடும்படி அமைத்திருக்கிறார்கள். மின்கலத்தோடு கூடிய கருவி வைத்தால் வீட்டளவில் ஓடும். ஆனால் மின்கலத்துக்கு மான்யம் இல்லை.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எந்த இரவுக்காக இத்தனையும் செய்தேனோ, அந்த இரவுக்கு இது உதவாது! கோபம் வந்தது. பிறகு, வெள்ளத்தின்போது இடுப்பளவு நீரில் நின்று கம்பம் நட்ட ஊழியர்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். அவர்களுடைய உயிரைக் காக்கிற ஏற்பாட்டின்மேல் கோபப்பட எனக்கு என்ன பாத்தியம்? கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காதது நான். மறு மாதச் சம்பளத்தில், தாயாரின் யந்திரத்துக்கென்று தனியாக ஒரு சிறு பலகையும் பாட்டரியும் சுமார் 17,000 ரூபாயில் வாங்கி வைத்தேன். மான்யம் இல்லாத அந்தச் சிறு பலகைதான் என் சங்கற்பத்தை நிறைவேற்றியது.

தேச முழுவதும் 2025 மார்ச் 10-ஆம் தேதிக்குள் 10.09 லட்சம் வீடுகளில் பலகை ஏறியிருந்ததாகவும், 6.13 லட்சம் பேருக்கு 4,770 கோடி ரூபாய் மான்யம் சேர்ந்திருந்ததாகவும் சர்க்கார் அறிவித்தது. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே உள்ள லட்சக்கணக்கான வீடுகளில் எத்தனை சங்கிலிகள் ஈட்டில் இருந்தனவோ! திட்டத்தின் வெற்றியைப் பலகைகளை எண்ணி அளப்பதோடு, பணம் எத்தனை நாளில் சேர்ந்தது என்பதையும் எண்ணி அளந்தால் நன்றாயிருக்கும்.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் என் மனசாட்சி உறுத்தும். என் வீட்டுக்குப் பின்னால் ஓட்டு வீட்டில் இருக்கிறவர் உப்பளத்துக்கு வேலைக்குப் போகிறவர். அவரைப்போல் வெயிலை அறிந்தவர் எங்கள் தெருவில் இல்லை. “அண்ணாச்சி, எனக்கும் கிடைக்குமா?” என்று கேட்டார். உறுதியான கூரை வேண்டும், முன்னால் போடப் பணம் வேண்டும், பெயர் சரியாயிருக்க வேண்டும் என்றேன். அவர் சிரித்துக்கொண்டு, “அப்போ நமக்கு வெயில் மட்டும்தான்” என்று சொல்லிப் போனார். பலர் சேர்ந்து ஓரிடத்தில் பலகை வைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு நம் கிராமங்களில் பரவுகிற நாளில்தான் அவருக்கு நான் நேராகப் பதில் சொல்ல முடியும்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை என் மகள் பாட்டியின் கைபேசியைப் பார்த்துக் கூவினாள். 60,000 ரூபாய் வரவாகியிருந்தது. என் தாயார் தம் பெயரில் அத்தனை பெரிய தொகையைக் கண்டது அதுவே முதல் தடவை. கோயிலுக்குக் கொடுப்பார், அல்லது பேத்திக்கு ஏதாவது வாங்குவார் என்று எண்ணினேன். மறுநாள் காலை குளித்து, புதுப்புடவை உடுத்தி, என்னை ஆட்டோ கூப்பிடச் சொன்னார். கூட்டுறவு வங்கிக்குப் போனோம். குறைந்த தொகையை நான் போட்டேன். திருப்பிய சங்கிலியை வீட்டுக்கு வந்ததும் மருமகள் கழுத்தில் தாமே போட்டுவிட்டார்.

அடுத்த தடவை கணக்கெடுக்க வந்தவர் புதிய அட்டையைப் பார்த்து என் தாயாரின் பெயரை உரக்க வாசித்தார். கதவோரம் நின்றிருந்த தாயார், “பழைய அட்டயத் தூர எறிஞ்சுராதீக” என்றார். அது இப்போதும் அதே ஆணியில், புதியதற்குப் பின்னால், தொங்குகிறது.